வெற்றிக்காக மன்றாடலாமா?

2023-ஆம் ஆண்டு மே 23, செவ்வாய்க்கிழமை மாலை. ஆண்டவருடைய விண்ணேற்றப் பெருவிழாவைக் கொண்டாடி இரண்டு நாள்கள் ஆகியிருந்தன. பெந்தகோஸ்துப் பெருவிழாவை முன்னிட்டுத் தூய ஆவியாரின் நவநாள் நம் பங்கில் நடந்துகொண்டிருந்தது. கத்திரி வெயிலின் கடைசி வாரம் வேறு. பகலெல்லாம் வெயிலைக் குடித்த அண்ணாமலை, இரவில் அதை ஊருக்குள் திருப்பிவிடும் என்பது திருவண்ணாமலையில் கோடையைக் கழித்தவர்களுக்குத் தெரியும். நவநாள் முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பீடச் சிறுவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகில் வந்தான். பன்னிரண்டு வயதிருக்கும்.

"சாமி, இன்னைக்குச் சென்னை செயிக்கணும்னு வேண்டிக்கலாமா?"

குருமடத்தில் பல ஆண்டுகள் இறையியல் பயின்றவர்களுக்கு இத்தகைய கேள்விக்கு விடை நாக்கின் நுனியிலேயே இருக்கும். "இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் அடிபடாமல் நன்றாக ஆடவேண்டும் என்று வேண்டிக்கொள்" என்றோம். அவன் தலையை ஆட்டினான். பிறகு, "அது சரி சாமி. அப்புறம்?" என்றான்.

அப்புறம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. நேரமும் இல்லை. ஏழரை மணிக்குச் சேப்பாக்கத்தில் ஆட்டம் தொடங்குகிறது. அதற்குள் இரவு உணவை முடித்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமரவேண்டும் என்ற அவசரத்தில்தான் நாமும் இருந்தோம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. பதின்மூன்று பதினான்கு வயதில் வானொலிப் பெட்டியில் காதை ஒட்டிவைத்து, சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் வெற்றி தோல்வியின்றிச் சமன் செய்த அந்த ஐந்தாம் நாளின் கடைசி ஓவரை இன்றும் மறக்கவில்லை. குருத்துவம் பெற்றபின் எத்தனையோ விருப்பங்கள் தாமாக உதிர்ந்தன. இது மட்டும் உதிரவில்லை.

ஆகவே அந்த ஒரு வாரத்தை, மே 23 முதல் 30 வரை, சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் பின்னால் நம் மனம் ஓடிய ஓட்டத்தை, சிறுவனின் கேள்வியோடு சேர்த்து இங்கே எண்ணிப் பார்க்கிறோம். அன்று கொடுத்த விடை ஏட்டில் உள்ள விடை. அது தவறன்று. ஆயினும் அவ்வாறு வேண்டிக்கொண்டு ஆட்டம் பார்ப்பவர் எவரையும் நாம் இதுவரை கண்டதில்லை, நம்மையும் சேர்த்துத்தான்.

செவ்வாய் இரவு சென்னை 172 ஓட்டங்கள் எடுத்தது. குஜராத் அணி 157-க்குள் ஆட்டமிழந்தது. பதினைந்து ஓட்ட வெற்றி; சென்னைக்கு இது பத்தாவது இறுதிப் போட்டி. ஊரில் பட்டாசு வெடித்தது. ஆனால் நம் மனத்தில் தங்கியது வெற்றி அன்று, பதினாறாம் ஓவருக்கு முன் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. இலங்கையின் இளம் பந்துவீச்சாளர் மதீஷ பத்திரன சற்று நேரம் களத்தை விட்டு வெளியே போய்த் திரும்பியிருந்தார். எத்தனை நிமிடம் வெளியே இருந்தாரோ அத்தனை நிமிடம் களத்தில் நின்ற பிறகே பந்துவீசலாம் என்பது விதி. இன்னும் நான்கு நிமிடம் குறைந்தது. அணித்தலைவர் தோனி நடுவர்களிடம் சென்று பேசத் தொடங்கினார். சிரித்தார், கேட்டார், விளக்கம் பெற்றார், மறுபடியும் கேட்டார். பேசிக்கொண்டிருந்தபோதே அந்த நான்கு நிமிடங்களும் கழிந்தன. பத்திரன பந்துவீசினார்.

மறுநாள் காலை இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். "தல மூளை யாருக்கு வரும் சாமி!" என்றான் ஒருவன். அருகில் நின்ற நம் உபதேசியார், கிரிக்கெட்டில் சிறிதும் நாட்டமில்லாதவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதையே எதிரணித் தலைவன் செஞ்சிருந்தா என்னப்பா சொல்லியிருப்பீங்க?" பிள்ளைகள் சிரித்து மழுப்பினார்கள். நாம் சிரிக்கவில்லை, முந்தைய இரவு தனி அறையில் நாமும் தொடையில் தட்டி மகிழ்ந்திருந்தோம். தோனி விதியை மீறவில்லை என்பது உண்மை. விதியின் ஒரு பொந்துக்குள் நின்றுகொண்டார், அவ்வளவே. ஆயினும் குஜராத்தின் தலைவர் ஹார்திக் பாண்டியா அப்படி நின்று பேசியிருந்தால் நம் வாயில் 'கள்ளாட்டம்' என்ற சொல் வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. செயல் ஒன்றே. செய்தவர் யார் என்பதை வைத்து அதற்கு இருவேறு பெயர் சூட்டுகிறோம். சாதிச் சண்டையில் பஞ்சாயத்துச் செய்யப் போகும்போது மக்களிடம் எந்தக் குணத்தைக் கண்டு வருந்துவோமோ, அதே குணம் நம் சாய்வு நாற்காலியிலேயே நம்மோடு அமர்ந்திருந்தது.

புதன்கிழமை ஆட்டத்தில் மும்பை இலக்னோவை வென்றது. ஆகாஷ் மத்வால் என்ற பொறியாளர் ஐந்தே ஓட்டங்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். அரிய சாதனைதான். ஆனால் சென்னை அதில் இல்லாததால் நாம் பாதியிலேயே உறங்கிவிட்டோம். ரசிகனின் கலை ஆர்வம் எத்தகையது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

வியாழனன்று ஆட்டம் இல்லை. மாலையில் நோயாளி ஒருவரைப் பார்த்துத் திரும்பும் வழியில், போளூர் சாலையில் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் நின்றோம். கடைக்காரர் அண்ணாமலையார் பக்தர். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருபவர். சென்னை கோப்பையை வென்றால் பௌர்ணமிக்குக் காத்திராமல் பதினான்கு கிலோமீட்டரும் ஒருமுறை தனியாகச் சுற்றி வருவதாக நேர்ந்திருப்பதாகச் சொன்னார். "நான் எங்க சாமிகிட்ட சொல்லிட்டேன் ஃபாதர். நீங்களும் உங்க பக்கம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க" என்றார். குஜராத்தில் எவராவது சோமநாதருக்கு நேர்ந்துகொண்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அங்கேயும் அதே சிவன்தானே. அவர் பாடு கஷ்டந்தான் ஃபாதர்" என்றார். நம் குருமடப் பேராசிரியர்கள் இந்தச் சிக்கலை இத்தனை சுருக்கமாக எடுத்துரைத்ததாக நினைவில்லை.

வெள்ளியன்று அகமதாபாத்தில் குஜராத் மும்பையை நொறுக்கியது. சுப்மன் கில் அறுபது பந்துகளில் 129 ஓட்டங்கள். மோகித் சர்மா பத்தே ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள். இந்த மோகித் சர்மாவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அரியானாக்காரர். முன்பு சென்னைக்கே ஆடியவர். 2014-இல் அந்தத் தொடரிலேயே மிகுதியான விக்கெட்டுகளைச் சாய்த்தவர். பின்னர் காயமும் மறதியும் அவரை மூடின. 2022-இல் குஜராத் அணி வீரர்களுக்குப் பயிற்சி வலையில் பந்துவீசும் உதவியாளராக இருந்து, முப்பத்து நான்கு வயதில் மறுபடியும் ஆட்டத்துக்குள் வந்தவர்.

சனிக்கிழமை, ஞாயிறு மறையுரைக்கு ஆயத்தம் செய்ய அமர்ந்தோம். தூய ஆவியார் பல மொழி பேசுவோரை ஒன்றாக்கிய செய்தியைத் தியானிக்க வேண்டிய மனம், 'இந்த அணி நமக்கு எப்படி நம்முடையதாயிற்று?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. இவ்விதழ் போன்றவற்றில் எழுதும் குருக்கள் தம்மை 'நாம்' என்று குறிப்பது பழைய வழக்கம். அதில் சிறிது பணிவும் சிறிது பெருமையும் கலந்திருக்கும். ஆனால் ரசிகன் சொல்லும் 'நாம்' வேறு வகை. 'நாம செயிச்சிட்டோம்' என்கிறான். எவர் செயித்தார்? 2008-இல் ஒரு சிமெண்டு நிறுவனம் ஒன்பது கோடியே பத்து இலட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்த அணி அது. தலைவர் ராஞ்சிக்காரர். முதலில் மட்டை பிடிப்பவர்களில் ஒருவர் புனேக்காரர், மற்றவர் நியூசிலாந்துக்கு ஆடுபவர். பந்துவீசுவோரில் இருவர் இலங்கையர். இறுதிப் போட்டியில் களமிறங்கிய சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லை. எதிரணியான குஜராத்திலோ விஜய் சங்கர் இருந்தார், சாய் கிஷோர் இருந்தார், இருபத்தொரு வயதுச் சென்னைப் பிள்ளை சாய் சுதர்சன் இருந்தார். இந்த அணியின் பெயர் சூதாட்ட விவகாரத்தில் அடிபட்டு, 2015 சூலையில் நீதிபதி லோதா குழு இரண்டு ஆண்டுகள் ஆடத் தடை விதித்தபோதும் நம்மவர்களின் பற்று தளரவில்லை. 2018 ஏப்ரலில் காவிரிக்காகத் தமிழகம் கொந்தளித்து, சேப்பாக்கத்து ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, தனித் தொடர்வண்டியில் மஞ்சள் சட்டையோடு அங்கே போனவர்களும் தமிழர்களே.

அப்படியானால் இது வெறும் மாயையா? அப்படிச் சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. தூய தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில் விளையாட்டைப் பற்றியும் ஆய்கிறார் என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். வில்லை ஓயாமல் வளைத்தே வைத்திருந்தால் ஒடிந்துவிடும், மனமும் அப்படியே, என்ற தூய யோவானைப் பற்றிய பழங்கதையை அங்கே எடுத்துக்காட்டுகிறார். மிகையான கேளிக்கையைக் கண்டிப்பவர், எந்தக் கேளிக்கையும் வேண்டாமென்று முகத்தைச் சுளித்துப் பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பதையும் குற்றத்தோடுதான் சேர்க்கிறார். ஆகவே ஆடுவதும் ஆட்டத்தைக் கண்டு களிப்பதும் தம்மளவில் நல்லவையே. நம் சிக்கல் களிப்பில் இல்லை. 'நாம்' என்ற சொல்லை உச்சரித்ததும் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அந்தப் பருவத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோனிக்கு வயது நாற்பத்தொன்று. இதுவே கடைசிப் பருவம் என்று எல்லாரும் எண்ணினர். அவர் மட்டையோடு நடந்துவருவதைக் காணவே சேப்பாக்கம் நிறைந்தது. அவருக்கு முன்னால் ஆட வருபவர் இரவீந்திர ஜடேஜா. ஜடேஜா ஆட்டமிழந்தால்தான் தோனி வருவார். ஆகவே சென்னை ரசிகர்களே தம் ஆட்டக்காரர் வீழ வேண்டுமென்று விரும்பினர், வீழ்ந்தபோது ஆரவாரித்தனர். தாம் முன்னதாக ஆட வந்தால் கூட்டம் தாம் ஆட்டமிழப்பதற்காகவே காத்திருக்கும் என்று ஜடேஜாவே மே 10 அன்று சிரித்தபடி சொன்னார். மே 23 அன்று மதிப்பு மிக்க வீரர் என்ற விருதைப் பெற்றபோது, விருது கொடுத்தவர்களுக்குத் தெரிவது சில ரசிகர்களுக்குத் தெரியவில்லை என்ற பொருள்பட எழுதினார். அதில் சிரிப்பு இருந்ததாகத் தோன்றவில்லை. ஒருவரைக் கொண்டாடும் வேகத்தில் அவர் அருகில் நிற்பவரின் வீழ்ச்சியை வேண்டினோம். அந்த வேண்டுதலுக்கும் 'பற்று' என்றே பெயர் வைத்தோம்.

இதே சேப்பாக்கத்தைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. 1999 சனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தின் நான்காம் நாள். வெற்றிக்கு 271 ஓட்டங்கள் வேண்டும். முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் வீழ்ந்ததும் மற்றவர்களும் வரிசையாக வீழ்ந்தனர். பன்னிரண்டே ஓட்டங்களில் தோல்வி. அந்த மைதானம் சற்று நேரம் உறைந்துபோயிற்று. பிறகு மக்கள் எழுந்தார்கள். வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது நின்றபடியே கைதட்டி வாழ்த்தினார்கள். உலகெங்கும் இன்றும் பேசப்படும் காட்சி அது. நாம் அதைக் காணவில்லை. கடைசி விக்கெட் வீழ்ந்ததுமே தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மறைக்கல்வி வகுப்புக்குச் சினத்தோடு போய்விட்டோம். அடுத்த நாள் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அன்று பிள்ளைகளுக்கு எதைப் பற்றிப் பாடம் நடத்தினோம் என்பது நினைவில்லை. பகைவரை அன்பு செய்வதைப் பற்றியதாக இருந்திருக்கக் கூடாது என்று இப்போது வேண்டிக்கொள்கிறோம்.

மே 28, பெந்தகோஸ்து ஞாயிறு. மாலையில் அகமதாபாத்தில் மழை. ஒரு பந்துகூட வீசப்படவில்லை. இறுதிப் போட்டி முதன்முறையாக மாற்று நாளுக்குத் தள்ளிப்போயிற்று. சென்னையிலிருந்து போனவர்கள் பலர் தொடர்வண்டி நிலையத்தில் மஞ்சள் சட்டையோடு தரையில் படுத்துறங்கிய படங்கள் மறுநாள் வந்தன.

திங்கள் மாலை, இளைஞர் மன்றத்தார் பங்கு மண்டபத்தில் திரை கட்டி எல்லாரும் சேர்ந்து பார்க்க அனுமதி கேட்டார்கள். பதினொரு மணிக்கு மண்டபத்தைப் பூட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தோம். முதலில் குஜராத் ஆடியது. சாய் சுதர்சன் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தார். மண்டபத்தில் விந்தையான ஓர் அமைதி. ஒரு பையன் கைதட்டினான். பக்கத்திலிருந்தவன் அதட்டினான். "நம்ம ஊருப் பையன்டா!" "அதுக்கு? நம்ம பந்தைத்தானே அடிக்கிறான்!" 'நம்ம' என்ற ஒரே சொல் இருவர் வாயில் எதிரெதிராக நின்றது. குஜராத் 214. சென்னை மூன்று பந்துகள் ஆடியதும் மழை. சிறு பிள்ளைகளைப் பெற்றோர் அழைத்துச் சென்றனர். கேள்வி கேட்ட பீடச் சிறுவனையும் அவன் தந்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் அசையவில்லை. நாமும் அசையவில்லை. பதினொரு மணி நிபந்தனையை எவரும் நினைவூட்டவில்லை.

நள்ளிரவு கடந்து ஆட்டம் மீண்டும் தொடங்கியது. பதினைந்து ஓவர்களில் 171 எடுக்க வேண்டும். கான்வே அடித்தார், ரகானே அடித்தார், கடைசி ஆட்டமென்று அறிவித்திருந்த இராயுடு மூன்று பந்துகளில் பதினாறு ஓட்டங்கள் விளாசினார். மோகித் சர்மா அவரை வீழ்த்தினார். அடுத்து வந்த தோனியை முதல் பந்திலேயே வீழ்த்தினார். மண்டபம் இழவு வீடாயிற்று. வாரமெல்லாம் எவருடைய வரவுக்காக ஜடேஜா வீழ வேண்டுமென்று விரும்பினார்களோ அவர் ஒரே பந்தில் போய்விட்டார். களத்தில் நின்றவர்கள் ஜடேஜாவும் துபேயும்.

கடைசி ஓவர். பதின்மூன்று ஓட்டங்கள் வேண்டும். பந்து மோகித் கையில். முதல் பந்து, ஓட்டமில்லை. இரண்டாவது, ஒன்று. மூன்றாவது, ஒன்று. நான்காவது, ஒன்று. ஒவ்வொரு பந்தும் மட்டையாளரின் காலடியில் குத்தூசிபோல் இறங்கியது. ஆறு பந்துகளில் நான்கை ஒருவர் அத்தனை அழுத்தத்தில் அப்படி வீசி நாம் கண்டதில்லை. இன்னும் இரண்டு பந்துகள், பத்து ஓட்டங்கள். தோனி இருக்கையில் கண்களை மூடியவாறு அமர்ந்திருப்பதைத் திரை காட்டியது.

தூய அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலில் நண்பர் அலிப்பியுசைப் பற்றி எழுதியிருக்கிறார். உரோமையில் வாட்போர் விளையாட்டுக்கு நண்பர்கள் அவரை வலிய இழுத்துச் சென்றனர். உடலை இழுக்கலாம், மனத்தை இழுக்க முடியாது என்று கூறி, அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். காதுகளை மூட மறந்துவிட்டார். ஒருவன் வீழ்ந்ததும் கூட்டம் எழுப்பிய பேரொலியில் கண் திறந்தார். திறந்ததும் குருதிக் காட்சியைப் பருகினார். வரமறுத்தவர், பிறரையும் இழுத்துவருபவராக மாறிப்போனார். குருமடத்தில் இதைப் படித்தபோது குருதி வெறியைப் பற்றிய எச்சரிக்கையாகவே புரிந்துகொண்டோம். அந்த நள்ளிரவில் வேறொன்று புரிந்தது. அவரை வீழ்த்தியது கண்ணில் பட்ட காட்சியன்று. தம்மைச் சுற்றி எழுந்த ஒலி. தனித்திருந்தால் விரும்பியிராததை, கூட்டத்தோடு சேர்ந்து விரும்பினார்.

நம் மண்டபத்திலும் அந்த ஒலி இருந்தது. நாற்பது பிள்ளைகள் ஒரே மூச்சாய் எழுந்து நின்றார்கள். நாமும் எழுந்தோம். அப்போது உள்ளத்துக்குள் ஒரு செபம் எழுந்தது. ஆட்டக்காரர்கள் அடிபடாமல் நன்றாக ஆட வேண்டும் என்பதன்று. 'சென்னை வெல்லட்டும்' என்பதுகூட அன்று. தெளிவான சொற்களில் அது இப்படி இருந்தது: ஆண்டவரே, இவன் ஒரு பந்து தவறாகப் போடட்டும்.

ஐந்தாம் பந்து. யார்க்கராக இறங்க வேண்டியது சற்றே உயர்ந்தது. ஜடேஜா நேராகத் தூக்கி அடித்தார், ஆறு ஓட்டங்கள். ஆறாம் பந்து காலுக்கு நேராக வந்தது. மெல்லத் திருப்பிவிட்டார், எல்லைக்கோட்டைக் கடந்தது. வெற்றி. சௌராட்டிர மண்ணின் மகன், குஜராத்தின் மைதானத்திலேயே, குஜராத்தை வீழ்த்திச் சென்னைக்கு ஐந்தாவது கோப்பையைத் தந்தார். தோனி அவரைத் தூக்கிக்கொண்டார். மண்டபத்தில் நாற்காலிகள் உருண்டன. சேப்பாக்கத்தில் அவர் வீழ ஆரவாரித்தவர்கள் எல்லாரும் 'ஜட்டு, ஜட்டு' என்று கத்தினார்கள். யார் யாரைக் கட்டிக்கொண்டோம் என்று நமக்கே தெரியாது. அந்த மகிழ்ச்சி போலியானதன்று. ஒருவரோடொருவர் பேசாமலிருந்த இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் தோளில் கைபோட்டு ஆடியதையும் கண்டோம். அது விடிந்தும் நிலைத்ததா என்பது வேறு.

கூட்டம் கலைந்தபின், அணைக்க மறந்த திரையில் மோகித் சர்மாவின் முகம் ஒருமுறை வந்து போயிற்று. அன்றிரவு முழுவதும் உறக்கமே வரவில்லை என்றும், வேறு எப்படி வீசியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகவும் அவர் பின்னர் செய்தியாளரிடம் கூறினார். நமக்கும் உறக்கம் வரவில்லை. காரணம் வேறு. நம் மன்றாட்டு 'கேட்கப்பட்டிருந்தது'. அதை இறைவன் செவிமடுத்தார் என்று நாம் நம்பவில்லை. அத்தகைய வேண்டுதலுக்கெல்லாம் அவர் செவிகொடுப்பார் என்று நம்புவது பழிப்புரை. ஆனால் கேட்டது கேட்டதுதான். முன்பின் அறியாத ஒரு மனிதரின், நம்மால் வியக்கப்பட்ட கைத்திறன், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் அவரைக் கைவிட வேண்டும் என்று, மூன்று மணி நேரத்தில் திருப்பலி நிறைவேற்ற வேண்டிய ஒரு குரு, இறைவனைக் கேட்டார். சென்னையின் வெற்றியை வேண்டியவர் எல்லாரும், சொல்லைப் பிரித்துப் பார்த்தால், இதையே வேண்டினோம். ஓர் ஆட்டத்தில் இருவர் வெல்ல முடியாது. வெற்றிக்கான மன்றாட்டின் மறுபக்கத்தில் எப்போதும் ஒருவர் முகம் இருக்கிறது; அது திரையில் வருவதற்கு முன்பே நாம் எழுந்து போய்விடுவதால் தெரிவதில்லை.

உறக்கமில்லாமல் திருத்தூதர் பணிகள் நூலைப் புரட்டினோம். விண்ணேற்றத்துக்கும் பெந்தகோஸ்துக்கும் இடைப்பட்ட அந்த நாள்களில், மேலறையில் காத்திருந்தவர்கள் யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரை நிறுத்தினார்கள்: யுஸ்து என்றும் அழைக்கப்பெற்ற யோசேப்பு பர்சபா, மத்தியா. மன்றாடிச் சீட்டுப் போட்டார்கள். மத்தியாவுக்கு விழுந்தது. மத்தியாவின் விழாவை ஆண்டுதோறும் மே 14 அன்று கொண்டாடுகிறோம். யோசேப்பு பர்சபா அதன்பின் என்ன ஆனார் என்று மறைநூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் மன்றாடியபோது அவர்கள் எவர் பெயரையும் முன்வைத்து இவருக்கே விழட்டும் என்று கேட்கவில்லை. இருவரில் யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர் என்று காட்டும் என்றே கேட்டார்கள். பர்சபா அந்த அறையிலேயே அவர்களோடு சேர்ந்து மன்றாடிக்கொண்டிருந்தார். இதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அவரை அந்த அறையில் கண்டது அன்றுதான்.

இதனால் கிரிக்கெட் பார்ப்பதை நாம் விட்டுவிடவில்லை. 2025-இல் சென்னை பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தபோது மனம் வாடியதும் உண்மை. அதே ஆண்டு சாய் சுதர்சன் தொடரிலேயே மிகுதியான ஓட்டங்களைக் குவித்து, பின் இந்திய அணியிலும் இடம்பெற்றபோது, எந்தச் சட்டையில் ஆடுகிறார் என்று பாராமல் கைதட்ட முடிந்தது. அது சிறிது எளிதாகியிருந்தது என்று மட்டும் சொல்லலாம். ஜடேஜாவும் அவ்வாண்டு நவம்பரில் இராசஸ்தான் அணிக்கு மாற்றப்பட்டார்.

மே 30 காலைத் திருப்பலிக்கு அந்தப் பீடச் சிறுவன் கண் சிவந்து வந்திருந்தான். தந்தையின் கைப்பேசியில் போர்வைக்குள் மறைத்து முழுவதையும் பார்த்துவிட்டானாம். திருப்பலி முடிந்து மெழுகுதிரிகளை அணைத்துவிட்டு வந்து கேட்டான்.

"நீங்க வேண்டிக்கிட்டீங்களா சாமி?"

"ஆம்" என்றோம்.

"என்னன்னு?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் சொன்னோம். மோகித் ஒரு பந்து தவறாகப் போட வேண்டும் என்று வேண்டியதை அப்படியே சொன்னோம். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை. பங்கு அணியில் அவன் பந்துவீசுபவன். வலக்கையை மெல்ல உயர்த்தி, விரல்களைப் பந்தின் தையலில் வைப்பதுபோல் மடக்கிப் பார்த்தான்.

"தப்பா ஒண்ணும் போடல சாமி. நாலு பந்து போட்ட மாதிரியேதான் அஞ்சாவதும் போட்டாரு. கை ஈரமா இருந்திருக்கும். ஒரு விரக்கட முன்னாடி விட்டுட்டாரு, அவ்வளவுதான்."

பிறகு திருப்பொருள் அறைக்குள் போய்த் தூபக் கலசத்தின் சாம்பலைக் கொட்டத் தொடங்கினான்.